வெப்பம் தணிக்கும் வீடு

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டும் அரும்பாடு பட்டு முடிக்க வேண்டிய செயல்கள் என்பது அதன் கருத்து. ஆயினும், கட்டி முடித்த வீட்டில் ஓராண்டேனும் வாழ்ந்து பார்த்த பின்னரே அதன் உண்மை இயல்பு விளங்கும். நம்மவருள் பலர் தைத் திங்களில் புதுமனை புகுகின்றனர். அப்பொழுது விடியற்காலையில் பனி பெய்யும். காற்றும் குளிர்ந்து வீசும். எந்த வீடும் இனிய வீடாகவே தோன்றும். மூன்று திங்கள் கழிந்து சித்திரை பிறந்ததும், அதே வீடு தன் மற்றொரு முகத்தைக் காட்டும். பகலெல்லாம் காய்ந்த மேல்தளம் இரவெல்லாம் அனல் வீசும். மின்விசிறி சுழலும்; ஆனால், சூடான காற்றையே அது சுழற்றிக்கொண்டிருக்கும். உறக்கம் வாராமல் வீட்டார் மொட்டைமாடிக்கும் வாசலுக்குமாக நடப்பர். தையில் புகும் வீட்டைச் சித்திரை வெயிலை எண்ணிக் கட்ட வேண்டும் என்பதை அவர்கள் அப்பொழுதுதான் உணர்வர்.

செங்கற்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்திற்குத் தெற்கே, பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் அடுத்தடுத்துச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் கூடுவாஞ்சேரி. நந்திவரம் ஏரி, ஊரப்பாக்கம் ஏரி முதலிய நீர்நிலைகளும், அவற்றை அடுத்த வயல்களும் தோப்புகளும் இப்பகுதிக்கு இயற்கை தந்த நிழற்குடைகளாக விளங்கின. சென்னை மாநகர் தெற்கு நோக்கி வளர வளர, வயல்கள் மனைகளாயின. மனைகளில் வீடுகள் எழுந்தன. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அண்மையிலுள்ள கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. குடியிருப்புகள் பெருகிவரும் இவ்வூரில் ஒருவர் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி நிலத்தில், தம் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு ஒரு வீடு கட்டுவதாக நாம் கருதிக்கொள்வோம். அவ்வீட்டிற்குள் வெப்பம் எவ்வெவ்வழிகளில் புகுகின்றது? அவற்றை அடைப்பது எவ்வாறு?

முதலில் ஞாயிற்றின் போக்கை அறிதல் வேண்டும். கூடுவாஞ்சேரி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கின்றது. ஆதலால், ஏப்ரல் இறுதி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும், நண்பகலில் ஞாயிறு நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்நேரத்தில் செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழல் விழுவதில்லை. தலைக்கு மேல் நின்று காயும் வெயில் வீட்டின் எந்த உறுப்பைத் தாக்கும்? கூரையைத்தான். சுவர்களுக்குப் பகலில் சில மணி நேரமே வெயில்; கூரைக்கோ காலை முதல் மாலை வரை ஓய்வில்லை. எனவே, தனி வீட்டிலும், அடுக்கு வீட்டின் மேல்மாடியிலும் வெப்பத்தின் தலைவாயில் கூரையே ஆகும்.

கான்கிரீட்டுத் தளம் வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. பகலில் அதனைச் சிறிது சிறிதாக உறிஞ்சிச் சேர்த்து வைக்கின்றது. சில மணி நேரம் கழித்து, அறைக்குள் அதனை உமிழத் தொடங்குகின்றது. வெளியே மாலைக் காற்று குளிர்ந்த பின்னரும் உள்ளே புழுக்கம் மிகுவதற்குக் காரணம் இதுவே. பகலில் வாங்கிய கடனை இரவில் வட்டியோடு திருப்பித் தரும் தளம் அது! கோடை நண்பகலில் மூடாக்கு ஏதும் இல்லாத தளத்தின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பழைய சென்னைக் கட்டடங்கள் பலவற்றில் காணப்படும் தளத்திற்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்றே பெயர். தேக்குமரக் கட்டைகளின் மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்கோணத்தில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, மரக்கட்டைகளால் அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பர். செங்கல்லும் சுண்ணாம்பும் கான்கிரீட்டைப் போல எளிதில் வெப்பத்தைக் கடத்துவன அல்ல. ஆதலால் அறைகள் தண்மையாக இருந்தன. இன்று அத்தனை தேக்கினைத் தேடுவதும் அரிது. தேடுவது காட்டிற்கு நன்மையும் அன்று. ஆனால், அத்தளத்தின் மேற்பாதியை நாம் இன்றும் கைக்கொள்ளலாம். கான்கிரீட்டுத் தளத்தின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்கும் முறையைக் கொத்தனார்கள் நன்கு அறிவர். பணத்தை மிச்சப்படுத்த எண்ணி இதனைக் கைவிடுவோர், அம்மிச்சத்தினும் மிகுதியான தொகையைப் பின்னர் மின்கட்டணமாகச் செலுத்துவர்.

இரண்டாவது வழி, வெயிலை ஏற்காமல் திருப்பி அனுப்புவது. கருநிறம் ஒளியை ஈர்க்கும். வெண்ணிறம் அதனைத் திருப்பிவிடும். கோடைக்கு முன் மொட்டைமாடியைத் துப்புரவு செய்து, சுண்ணாம்பு வெள்ளை அடித்தால், அறையின் வெப்பம் சில பாகை குறையும். மழையில் அது கரைந்துவிடுமாதலால் ஆண்டுதோறும் அடித்தல் வேண்டும். நெடுநாள் நிலைக்கும் வெண்பூச்சுகளும் வெள்ளை ஓடுகளும் இன்று கிடைக்கின்றன. தெலங்கானா அரசு 2023ஆம் ஆண்டில் குளிர்கூரைக்கெனத் தனிக்கொள்கை ஒன்றையே வகுத்தது. ஒரு வாளிச் சுண்ணாம்பில் அடங்கிய சிறு செய்தி, ஓர் அரசின் கொள்கையாக உயர்ந்ததை எண்ணிப் பாருங்கள்!

மூன்றாவது வழி, கூரைக்கே நிழல் தருவது. மாடியில் தொட்டி வைத்து, அவரையும் பீர்க்கும் புடலும் பந்தலில் படரவிடலாம். நீர் கசியாதவாறு தளத்தை முன்னரே காத்துக்கொள்ள வேண்டும். மாடியில் நிறுத்தும் சூரிய மின்தகடுகளும் இரட்டை நன்மை பயப்பன. அவை மின்சாரம் தருவதோடு தமக்குக் கீழுள்ள தளத்திற்கு நிழலும் தருகின்றன.

கூரைக்கு அடுத்தபடியாக எண்ணத்தக்கது மேற்குச் சுவர். காலை வெயில் கிழக்குச் சுவரில் விழும்பொழுது, இரவில் குளிர்ந்த வீடு அதனைத் தாங்கிக்கொள்ளும். பிற்பகல் வெயிலோ, முன்னமே சூடேறிய வீட்டின்மேல் வந்து சாய்கின்றது. சாளரத்திற்கு மேல் அமைக்கும் ‘சன்ஷேடு’ என்னும் நீட்டுப்பலகை தெற்கிலும் வடக்கிலும் உயர்ந்து நிற்கும் ஞாயிற்றைத் தடுக்கும். மேற்கில் தாழ்ந்து வரும் ஞாயிற்றை அது தடுக்க இயலாது. நெற்றியில் கைவைத்து உச்சி வெயிலை மறைக்கலாம். எதிரே வரும் மாலை வெயிலை மறைக்க முகத்திற்கு நேராகவன்றோ கையைப் பிடிக்க வேண்டும்? அதுபோலவே மேற்குச் சாளரத்திற்கு நேர்முகமாக ஒரு மறைப்பு வேண்டும். மூங்கில் தட்டியோ, படர்கொடியோ, மரமோ அப்பணியைச் செய்யும். மறைப்புச் சாளரத்தின் வெளிப்புறம் இருத்தல் நன்று. உட்புறத் திரை ஒளியைத்தான் மறைக்கும். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெப்பம் அறையிலேயே தங்கிவிடும். வீட்டின் வரைபடம் இடும்பொழுதே மாடிப்படி, குளியலறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை மேற்கே அமைத்துவிட்டால், அவை படுக்கையறைகளுக்குக் கவசமாக நின்று வெயிலைத் தாங்கும்.

சுவரைக் கட்டும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. இங்கிலாந்தில் 1917ஆம் ஆண்டு பிறந்து, இந்தியாவிற்கு வந்து, திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 2007ஆம் ஆண்டு மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், செங்கற்களை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை நம் நாட்டில் பரப்பினார். அதனை எலிப்பொறிக் கட்டு என்பர். இடையே அடைபட்டு நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. செங்கல்லும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். சிக்கனமும் தண்மையும் ஒருங்கே வாய்க்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி, காற்றைப் பற்றிக் காண்போம். நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டவர் தமிழர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. வெயிற்காலத்தின் பெயரே மேல்காற்றின் பெயராகவும் இருத்தல் கருதத்தக்கது. கூடுவாஞ்சேரிக்குக் கடல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கிழக்கே இருக்கின்றது. நிலம் நன்கு சூடேறிய பின், கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்நாடு நோக்கிப் புறப்படும்; கடற்கரையைத் தொட்டு, பிறகே இவ்வூரை வந்தடையும். மேல்காற்று வலுத்து வீசும் நாளில் கடற்காற்றின் வருகை மேலும் தாழும்.

எனவே, சாளரங்களைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் காலம் உண்டு. முற்பகல் சூடேறியதும் சாளரங்களைச் சாத்தி, வெப்பக்காற்றைத் தடுத்தல் வேண்டும். மாலையில் கடற்காற்று வந்ததும் அனைத்தையும் திறந்துவிட்டு, இரவு முழுதும் சுவர்களைக் குளிரச் செய்தல் வேண்டும். காற்று நுழைவதற்கு ஒரு வழி மட்டும் இருந்தால் போதாது. வெளியேறுவதற்கும் வழி வேண்டும். கிழக்கிலோ தெற்கிலோ ஒரு சாளரமும், அதற்கு எதிரே மற்றொன்றும் இருந்தால்தான் காற்று அறையினூடே ஓடும். பழைய வீடுகளின் நடுவே இருந்த முற்றம் இப்பணியையே செய்தது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேற, திண்ணைப் பக்கத்திலிருந்து புதுக்காற்று உள்ளே வந்தது. அரை கிரவுண்டு மனையில் முற்றம் அமைக்க இயலாதெனினும், மாடிப்படிக் கூண்டின் உச்சியில் காற்றுப் போக்கிகள் வைத்தால், அதுவே சிறு முற்றமாகப் பயன்படும்.

நீரைத் தெளித்தும் வெட்டிவேர்த் தட்டி கட்டியும் வெப்பம் தணிப்பது உண்டு. நீர் ஆவியாகும்பொழுது சுற்றிலுமுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றது. காற்று உலர்ந்திருக்கும் வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் இம்முறை நற்பயன் தரும். கடற்கரையை அடுத்த பகுதிகளிலோ காற்றில் ஈரம் மிகுதி. நம் வியர்வையே உலர மறுக்கின்றது. ஆகையால், இங்கே ஈரத்தைக் கூட்டுவதைவிடக் காற்றை ஓடவிடுவதே அறிவுடைமை.

வீட்டின் மேற்கே ஒரு மரம் நிற்பின் அதற்கு ஈடு வேறில்லை. புங்கும் வேம்பும் நம் மண்ணுக்கு உரியவை. அடர்ந்த நிழல் தருபவை. அடித்தளத்தை வேர் தாக்காதவாறு போதிய தொலைவில் அவற்றை நடவேண்டும். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலில், வண்டலூர் உயிரியற் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்த மரத்திற்கு ஈடாக வேறொன்று நடாத தெருவில், அடுத்த கோடை முன்னினும் கொடிதாகவே இருக்கும்.

“இத்தனை பாடு எதற்கு? குளிரூட்டி ஒன்றை வாங்கி மாட்டினால் போதாதா?” என்று சிலர் வினவலாம். குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. அதனை வெளியே தள்ளுகின்றது. நெருங்கிய தெருவில், என் அறையின் வெப்பம் அண்டை வீட்டாரின் சாளரத்தருகே சென்று நிற்கின்றது. நோயாளிக்கும் முதியவர்க்கும் அக்கருவி தேவைப்படலாம். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், கூரையைச் சுடவிட்டுவிட்டு அறையைக் குளிரச் செய்வது, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பது போலாகும். கூரையும் சுவரும் நன்கு அமைந்த வீட்டில் அக்கருவியும் குறைந்த நேரமே உழைக்கும்.

இஃது இன்பத்தைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. உயிரைப் பற்றிய செய்தியும் ஆகும். 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 பாகை செல்சியசை எட்டியது. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது. பகலில் வெயிலால் வாடிய உடல், இரவின் குளிர்ச்சியில்தான் தன்னைத் தேற்றிக்கொள்கின்றது. இரவிலும் அறை கொதித்தால், அதற்கு ஓய்வு ஏது? குழந்தைகளும் முதியவர்களும் முதலில் துன்புறுவர். தகரக் கூரையின்கீழ் வாழும் ஏழையரின் துன்பமோ சொல்லுந்தரமன்று. சொந்த வீடு கட்டும் வாய்ப்பு எல்லார்க்கும் இல்லை. ஆயினும், கூரைக்கு வெள்ளையடித்தல், சாளரத்தின் வெளியே தட்டி கட்டுதல், காலமறிந்து திறந்து மூடுதல் ஆகிய மூன்றும் வாடகை வீட்டிலும் சிறு குடிலிலும் ஓரளவு இயலுவனவே.

மாணவர்களே, இவ்வுண்மையை நீங்களே சோதித்து அறியலாம். ஒரே அளவுள்ள இரண்டு தட்டோடுகளை எடுத்து, ஒன்றிற்கு மட்டும் சுண்ணாம்பு பூசுங்கள். நன்கு உலர்ந்த பின் இரண்டையும் நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் வைத்துவிட்டு, புறங்கையை மெல்ல அருகே கொண்டு சென்று பாருங்கள். எந்த ஓட்டின்கீழ் உங்கள் பாட்டியார் உறங்க வேண்டும் என்பதை உங்கள் கையே சொல்லிவிடும்.

புதுமனை புகுவிழாவிற்கு வருவோர் சுவரின் வண்ணத்தையும் கதவின் வேலைப்பாட்டையும் புகழ்ந்து செல்வர். அப்புகழ் ஒரு நாளில் மறையும். சித்திரைத் திங்களின் நள்ளிரவில், அவ்வீட்டில் முதியவரும் குழந்தையும் அயர்ந்து உறங்குவார்களாயின், அதுவே அவ்வீட்டைக் கட்டியவருக்கு நிலைத்த புகழாகும்.