படிவத்துடன் செல்வதா, வெறுங்கையுடன் செல்வதா?

இணையத்தில் தேர்வுக் கட்டணம் செலுத்துகிறோம். பெயர், வகுப்பு, தொகை யாவற்றையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும் திரையில் வேறொரு பக்கம் தோன்றுகிறது. அந்த ஒரு கணத்தில் நடப்பது யாதெனக் காண்போம்.

நம் கணிப்பொறியிலுள்ள உலாவி இரு வகையாய்ப் பேசும். "இப்பக்கத்தைக் காட்டு" என்று கேட்பது 'கெட்'. "இவ்விவரங்களைப் பெற்றுக்கொள்" என்று கொடுப்பது 'போஸ்ட்'. மறுமுனையிலுள்ள சர்வர் சில வேளைகளில், "வேறு முகவரிக்குப் போ" என விடையளிக்கும். மனுவை நீட்டுபவரை எழுத்தர் அடுத்த மேசைக்கு அனுப்புவதைப் போன்றதே இது. மனுவையும் எடுத்துச் செல்வதா, கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் செல்வதா? சிக்கல் முழுவதும் இதில்தான்.

1996-இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 விதிகளில் இதற்கு 302 என்னும் எண் இருந்தது. போஸ்ட்டைக் கெட்டாக மாற்றலாகாது என்பதே அதன் கருத்து. உலாவிகள் பலவும் மாற்றியே சென்றன! ஊரார் நடந்ததே பாதையாயிற்று. குழப்பம் தீர, 1997-இல் 303 வந்தது: வெறுங்கையுடன் சென்று பார். 1999-இல் 307: கையிலுள்ளதை அப்படியே கொண்டு செல்.

ரசீதுப் பக்கம் 303 வழியே வந்திருந்தால், அதை எத்தனை முறை புதுப்பித்தாலும் ரசீதே வரும். அவ்வாறு அமைக்காத தளங்களில் கட்டணப் படிவமே மறுமுறை செல்லும். "மீண்டும் அனுப்பவா?" என்று உலாவி கேட்பது அதனாலேயே. பெற்றோர் பலர் அதைப் படியாமலே சரியென்று அழுத்துகின்றனர். கட்டணம் இருமுறை பிடிக்கப்பட அது போதும்.

307-இன் ஆபத்து வேறு வகையானது. ஒரு நிறுவனத்தில் நமக்குள்ள கணக்கைக் கொண்டே மற்றொரு தளத்தினுள் நுழைய உதவும் 'ஓஆத்' என்ற முறை உண்டு. கடவுச்சொல்லை அந்நிறுவனம் மட்டுமே காண வேண்டும். அதைச் சரிபார்த்தபின் நம்மை 307 என்று அனுப்பினால், உலாவி கடவுச்சொல்லையும் சுமந்துபோய் மற்றத் தளத்திடம் கொடுத்துவிடும். உலாவியின்மேல் குற்றமில்லை; சொன்னதைச் செய்தது. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016-இல் இதை வெளிப்படுத்தினர். 2025 ஜனவரியில் வெளியான ஓஆத் பாதுகாப்பு நெறிகள் இவ்விடத்திற்கு 303-ஐயே பரிந்துரைக்கின்றன.