டயர் முதலில், உயரம் பிறகு

கரடுமுரடான பாதைகளுக்கென வடிவமைக்கப்பட்ட பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளைப் புதுப்பிப்போர், வண்டியை எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்ற கேள்வியிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றனர். ஆனால் உயரம், ரிம், டயர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துபவை என்பதால், எதை முதலில் முடிவு செய்கிறோம் என்பதே செலவையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது. வட அமெரிக்காவில் 1979 முதல் 1985 வரையிலான மாடல்களில் விற்கப்பட்டதும், பிற நாடுகளில் ஹைலக்ஸ் என்ற பெயரால் அறியப்படுவதுமான நான்கு சக்கர இயக்க டொயோட்டா பிக்கப் இதற்கு நல்ல சான்று. இரு முன்சக்கரங்களையும் ஒரே கட்டமைப்பாக இணைக்கும் திட அச்சும், எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங்கும் அதன் முன்புறத்தில் இருந்தன. 1986 மாடலிலிருந்து வட அமெரிக்காவில் முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்புக்கு நிறுவனம் மாறியதால், எளிதாக உயர்த்தக்கூடிய அந்தப் பழைய மாடல்களை ஆர்வலர்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

உயர்வது எது?

திட அச்சு கொண்ட வண்டியில் தரைக்கு மிக அருகில் தொங்குவது, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியலின் உருண்டைக் கூடாகும். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 4 அங்குலம் உயர்த்தினால் சேஸிஸும் அதன்மேல் உள்ள உடலும் உயருமேயன்றி, சக்கரங்களோடு பிணைந்த அச்சு ஓர் அங்குலம்கூட உயராது. ஆகவே பாறை தட்டும் இடம் இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை உயர்த்தவல்லது பெரிய டயர் மட்டுமே. அதுவும், விட்டத்தில் கூடிய அளவில் பாதியையே தரும். வண்டியை உயர்த்துவதன் உண்மையான பயன் பெரிய டயர் உரசாமல் சுழல இடம் தருவதும், மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வண்டியின் நடுவயிறு தட்டாமல் காப்பதுமேயாகும்.

டயரின் கணக்கு

அக்கால வண்டிகளில் பரவலாக இருந்த 225/75ஆர்15 என்ற டயரில், 225 என்பது மில்லிமீட்டரில் அகலத்தையும், 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பதையும், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டத்தையும் குறிப்பதால், டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 28.3 அங்குலம் என்று கணக்கிடலாம். 33 அங்குல டயருக்கு மாறும்போது விட்டம் 4.7 அங்குலம் கூடுகிறது, டிஃபரன்ஷியலோ 2.3 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக, அதாவது சுமார் 6 சென்டிமீட்டர் மட்டுமே உயர்கிறது.

இந்த 6 சென்டிமீட்டருக்கு விலை உண்டு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பற்சக்கரங்களின் விகிதம் 4.10 என்றிருக்கும் வண்டி, 33 அங்குல டயரில் ஏறத்தாழ 3.5 விகிதம் கொண்ட வண்டியைப் போல மந்தமாக இழுக்கும். பழைய இழுவையை மீட்க 4.8-ஐ ஒட்டிய விகிதம் தேவைப்படுவதால், சந்தையில் கிடைக்கும் 4.88 விகிதப் பற்சக்கரங்களை முன், பின் ஆகிய இரு அச்சுகளிலும் பொருத்த வேண்டியிருக்கும். சரிசெய்யப்படாத வேகமானி மணிக்கு 60 கிலோமீட்டர் என்று காட்டும்போது உண்மை வேகம் 70-ஐ எட்டியிருக்கும். கூடுதல் எடையும் விட்டமும் கொண்ட சக்கரத்தை நிறுத்தப் பழைய பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். அன்றாடம் சாலையிலும் எப்போதாவது மண்பாதையிலும் ஓடும் வண்டிக்கு 31 அங்குல டயரே பெரும்பாலும் போதுமானது. அதற்கு உயர்த்தல் தேவைப்படுவதில்லை, அல்லது மிகச் சிறிதளவே தேவைப்படும். 33 அங்குலத்துக்குப் பொதுவாக 3 முதல் 4 அங்குல உயர்வு வேண்டும்.

டயர் தரையைத் தொடும் புறவரியின் அமைப்பையும் பயன்பாட்டை நோக்கியே தேர்ந்தெடுக்க வேண்டும். இடைவெளி மிகுந்த தடித்த கட்டைகளைக் கொண்ட சேற்று டயர், சுழலும்போது சேற்றை உதறித் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும். ஆனால் ஈரத் தார்ச்சாலையில் அதன் பிடிப்பு குறைவு, இரைச்சலும் அதிகம். நெருக்கமான கட்டைகளைக் கொண்ட பல்வகைப் பாதை டயர், சாலைக்கும் காட்டுக்கும் நடுவே நிற்பது. பழைய வண்டியோடு வரும் டயர்களில் புறவரி தேயாமல் இருந்தாலும், பக்கச்சுவரில் பொறித்த குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்களைப் பார்க்காமல் நம்பலாகாது. 2314 என்றிருந்தால் அந்த டயர் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள்.

ரிம்மின் இடம்

இந்த டொயோட்டாவின் ரிம், 139.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்த ஆறு போல்ட்டுகளில் பொருந்துவது. போல்ட்டுகள் பொருந்தினால் போதும் என்று கருதுவது தவறு; ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், அது அச்சின் முகப்பில் ஒட்டும் தளத்துக்கும் உள்ள இடைவெளியே முதன்மையானது. அகலமான டயர் உட்புறம் ஸ்பிரிங்கில் உரசாதிருக்க அதை ஓரளவு வெளியே தள்ளும் ரிம் தேவைதான். ஆனால் அளவுக்கு மீறித் தள்ளினால், சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டிலிருந்து டயரின் நடுப்பகுதி விலகிவிடுவதால், ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியும் ஸ்டீயரிங்கில் உதைப்பதோடு, பேரிங்குகளும் விரைவில் தேயும். ரிம்மின் அகலமும் டயர் ஏற்கும் எல்லைக்குள் அமைய வேண்டும், 31x10.50 அளவுள்ள டயருக்கு அது பொதுவாக 7 முதல் 9 அங்குலம்.

உயர்த்தும் முறையும் விளைவும்

கூடுதல் வளைவுள்ள புதிய ஸ்பிரிங்கைப் பொருத்துவதே செம்மையான வழி. பழைய ஸ்பிரிங்கில் ஒரு தடித்த பட்டையைச் சேர்ப்பது மலிவானது, எனினும் வண்டியை விறைப்பாக்கிவிடும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைப்பதைப் பின்புறத்தில் ஓரளவு ஏற்கலாம். பிரேக் போடும் விசையில் கட்டை நழுவினால் ஸ்டீயரிங்கே கைவிட்டுப் போகும் என்பதால், முன்புறத்தில் அதை ஒருபோதும் செய்யலாகாது.

வண்டி உயர்ந்ததும் அதனோடு இணைந்தவை அனைத்தும் நீள வேண்டும் அல்லது கோணம் மாற வேண்டும். அச்சுக்குச் செல்லும் பிரேக் ஹோஸ், ஸ்பிரிங் முழுதாகத் தொங்கும் நிலையில் இழுபட்டு அறுந்துவிடாத நீளத்தில் இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பரும் அவ்வாறே. சுழற்சியைக் கடத்தும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வுக் கோணம் கூடும்போது அதன் மூட்டுகள் அதிர்ந்து தேய்கின்றன. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் செல்லும் கம்பியும் சாய்ந்துவிடுவதால், பள்ளத்தில் இறங்கும்போது ஓட்டுநர் திருப்பாமலேயே வண்டி ஒரு பக்கமாக விலகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஈர்ப்பு மையம் உயர்கிறது. இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 140 சென்டிமீட்டரும் ஈர்ப்பு மையத்தின் உயரம் 70 சென்டிமீட்டரும் எனக் கொண்டால், அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் நிலைப்பு விகிதம் 1.0, மையம் 8 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது 0.90 ஆகிறது, வண்டி கவிழாமல் தாங்கும் பக்கச் சரிவும் கணக்களவில் 45 பாகையிலிருந்து 42 பாகையாகக் குறைகிறது. வளைவில் திடீரென விலக நேரும் தருணத்தில் உயிரே இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

ஆகவே, எந்தப் பாதையில் வண்டி பெரும்பாலும் ஓடும் என்பதை நேர்மையாகக் கணித்து டயரையும், டயருக்கேற்ற ரிம்மையும், அந்த டயர் உரசாதிருக்கத் தேவையான குறைந்த உயரத்தையும் இந்த வரிசையிலேயே முடிவு செய்வது அறிவுடைமை. எதையும் வாங்குமுன், ஸ்பிரிங் தொங்கும் தாங்கிகளிலும் ஸ்டீயரிங் பாக்ஸ் பொருந்திய இடத்திலும் சேஸிஸ் துருப்பிடித்தோ விரிசல் விட்டோ உள்ளதா என்று பார்ப்பதும், தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதற்கு உள்ளூர்ச் சட்டம் விதிக்கும் வரம்பை அறிவதும் இன்றியமையாதவை. வேலை முடிந்தபின், முழுச் சுமையுடன் ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, டயரும் ஹோஸும் எங்கும் உரசவில்லை என்று கண்ணால் உறுதி செய்துகொண்ட பிறகே அந்த வண்டியைப் பாதையில் இறக்க வேண்டும்.