கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலிருந்து ஊர் எல்லையிலுள்ள ஒற்றை ஷெட் வரை கார் ஏசி மெக்கானிக்குகளுக்கு ஓய்வே இருக்காது. “கூலிங் வரலை” என்று வண்டியை நிறுத்தினால், பானட்டைத் திறப்பதற்கு முன்பே பல இடங்களில் பதில் வந்துவிடும்: “கேஸ் போயிருக்கும் சார், அடிச்சிடலாம்.” சற்று நேரத்தில் காற்று சில்லென்று வருகிறது, பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். அடுத்த கோடையில், சில வண்டிகளுக்கு அடுத்த மாதமே, மறுபடியும் அதே ஷெட்.

போன கேஸ் எந்த வழியாகப் போனது என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை. எனக்கு ஆதங்கம் அதில்தான்.

ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் ஆவியாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கே திரும்புகிறது. முழுக்க மூடிய பாதை. ரப்பர் ஹோஸ்கள் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிது கசிவது இயல்பு. ஆண்டுக்கு ஆண்டு அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கல் பட்ட கண்டன்சர், காய்ந்துபோன ஓ-ரிங், கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல், கேஸ் ஏற்றும் வால்வின் பின் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். கேஸோடு ஆயிலும் வெளியேறுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம்.

“மீட்டர் வைத்துப் பார்த்தேன், கேஸ் கம்மி” என்பார்கள். அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், இன்ஜின் அணைந்திருக்கும்போது 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 95 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை, 200 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் அதே 95தான். அளவு தெரிய ஒரே வழி, இருப்பதை மெஷினில் வெளியே எடுத்து எடை போடுவது. பிறகு வாக்யூம் போட்டு ஈரத்தையும் காற்றையும் இழுத்துவிட்டு, பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி ஏற்ற வேண்டும். கண் மதிப்பில் கூடுதலாக அடித்தால் அழுத்தம் எகிறிக் கூலிங் குறையும், கம்ப்ரசரும் அடிபடும்.

கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறுகளும் நிறைய. வண்டி ஓடும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் அனல் காற்று என்றால் முதலில் பார்க்க வேண்டியது கண்டன்சர் ஃபேன். நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் சுற்றாவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. கண்டன்சர் மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். உடனே கூலிங் ஏறினால் ஃபேனோ, கண்டன்சரில் அடைத்த அழுக்கோதான் காரணம். ஏசி போட்டுச் சிறிது நேரத்தில் காற்றின் வேகமே குறைகிறதென்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது கம்ப்ரசர் கிளட்ச். காலையில் நன்றாக ஓடும் ஏசி உச்சி வெயிலில் நின்றுவிடும். சாயங்காலம் தானாகவே வரும். கிளட்ச் ஒரு மின்காந்தம். அதன் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். தட்டு தேயத் தேய இடைவெளி கூடுகிறது. காயில் சூடாகும்போது மின்தடை ஏறிக் காந்த பலம் குறைய, தட்டை இழுக்க முடியாமல் போகிறது. பல கம்ப்ரசர்களில் உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்தாலே இது சரியாகிவிடும். தெரியாதவர் கேஸ் அடிப்பார்; அதற்கும் மிஞ்சினால் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வார். சில ஆயிரங்கள் அநியாயமாகப் போகும். சில புதுக் கார்களில் கிளட்சே கிடையாது. அவற்றை ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க முடியும்.

கிளட்ச் ‘டக்’கென்று ஒட்டவே இல்லையென்றால் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், எர்த் என்று வரிசையாகப் போனால் போதும். பல வண்டிகளில் ஹார்ன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே ரகம். மாற்றிச் செருகிப் பார்த்தால் செலவில்லாமல் விடை கிடைத்துவிடும். மல்ட்டிமீட்டரில் பேட்டரி, வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். ஹெட்லைட் மங்குகிறது, ஃபேன் மெல்லச் சுற்றுகிறது, ஏசி விட்டுவிட்டு வருகிறது என்று பல புகார்கள் ஒன்றாக வந்தால், பாடியில் துருப்பிடித்த எர்த் போல்ட் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்கலாம். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இதை முதலிலேயே பாருங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதே என்று சிவப்பு நிற 10 ஆம்பியரை எடுத்துவிட்டுப் பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகுவதை மட்டும் செய்யவே கூடாது. எலி கடித்த வயர் எங்காவது பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், அடுத்து உருகப்போவது ஃபியூஸ் அல்ல, வயர். கார் தீப்பிடிக்க இதுவே போதும்.

மலிவு கேஸும் ஆபத்துதான். 2011-ல் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் ஏற்றிய கப்பல் கன்டெய்னர்களின் குளிர்பதனக் கருவிகள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அலுமினியத்தோடு அது வினைபுரிவதுதான் காரணம். நம் கார் ஏசியிலும் அலுமினியம்தான் அதிகம்.

நிதானமாகச் சோதித்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சோதனைக்குத் தனியாகக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். வெறும் கேஸ் அடிப்பதைவிட அந்த உழைப்புக்குத்தான் மதிப்பு அதிகம். இந்தக் கோடையில் ஷெட்டுக்குப் போகும்போது இரண்டே விஷயங்களைக் கேளுங்கள்: கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.