செருகினவுடன் தானாகத் திறக்க வேணுமா?

யூஎஸ்பி குச்சிக்கு நோர்வேஜியனில் மின்னேபின்னே என்று பெயர். நினைவுக் குச்சி. எங்கட ஆட்களிட்டை அது பேருக்கு ஏற்ற மாதிரித்தான் இருக்கு. சாமத்திய வீட்டு வீடியோ, யாழ்ப்பாணத்தில் எடுத்த அப்பம்மாவின் படங்கள், கலைவிழாவில் பிள்ளை ஆடப்போகிற பாட்டு எல்லாம் அதிலேதான் கைமாறுது. விழா மண்டபத்தில் ஒலி பார்க்கிறவரின் லப்டொப்பில் ஒரே மாலையில் எத்தனை குச்சிகள் ஏறி இறங்குகின்றன என்று ஒருக்கா கவனித்துப் பாருங்கோ. அதே குச்சிதான் பிறகு வீட்டில், நாங்கள் பாங்க்ஐடி போட்டு வங்கிக்குள் போகிற கணினியில் ஏறுகிறது.

"குச்சியைச் செருகினவுடன் படங்கள் தானாகத் திறக்கிற மாதிரிச் செய்யலாமோ? அம்மாவுக்குச் சுகமாக இருக்கும்" என்று பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கு.

முதலாவது ஓட்டோரன். விண்டோஸ் 95 உடன் வந்தது. சீடியில் 'ஓட்டோரன்.ஐஎன்எஃப்' என்ற சிறிய கோப்பு இருக்கும். எந்த மென்பொருளை ஓட்ட வேண்டும் என்று அது சொல்ல, கணினி எங்களைக் கேளாமலே ஓட்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளியே வீட்டுச் சட்டத்தைத் தீர்மானிக்கிற மாதிரி.

2008 நவம்பரில் கொன்ஃபிக்கர் என்ற வைரஸ் வெளிப்பட்டது. டிசம்பரில் வந்த அதன் அடுத்த வடிவம் யூஎஸ்பி குச்சிகளிலும் ஏறிக்கொண்டது. குச்சியைச் செருகினால் வரும் பட்டியலில், 'கோப்புகளைப் பார்க்கத் திற' என்ற வழக்கமான வரியைப் போலவே, அதே கோப்புறைப் படத்துடன், தன்னுடைய வரியையும் சேர்த்தது. அதை அழுத்தினால் வைரஸ் ஓடும். 2009இல் மான்செஸ்டர் நகரசபைக்கு இதனால் ஏற்பட்ட செலவு சுமார் 15 இலட்சம் பவுண்ஸ். பிறகு அங்கே யூஎஸ்பி குச்சிகளையே தடை செய்தார்கள். மைக்ரோசொஃப்ட் 2009இல் விண்டோஸ் 7 இலும், 2011 பெப்ரவரியில் அப்டேட் மூலம் எக்ஸ்பி, விஸ்டாவிலும், யூஎஸ்பிக்கான ஓட்டோரனை நிறுத்தியது.

இரண்டாவது ஓட்டோபிளே. இது இப்பவும் இருக்கு. என்ன செய்யலாம் என்று கணினி உங்களைக் கேட்கும், அல்லது நீங்கள் முன்பே சொல்லிவைத்ததைச் செய்யும். செட்டிங்ஸில் 'ஓட்டோபிளே' என்று தேடி, 'ஒவ்வொரு முறையும் கேள்' என்பதைத் தெரிவு செய்யுங்கோ. அம்மாவுக்கு அந்த ஒரு கிளிக் கூடுதல்தான். ஆனால் முடிவு அவரின் கையில் இருக்கும்.

ஓட்டோரன் போன பிறகு, பலவீனமான இடம் எங்கட விரல்தான். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளாகத்தில் 297 குச்சிகளைப் போட்டு விட்டுப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, குறைந்தது 45 வீதமானவற்றை எடுத்தவர்கள் செருகி, உள்ளே இருந்த கோப்பையும் திறந்திருந்தார்கள். யாருடையது என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்கத்தான் பலர் திறந்தார்கள். நல்ல மனம்தான் அங்கே வாசலாகிப் போனது.

அதனால் பிள்ளைகளிடம் மூன்று விஷயம் சொல்லி வையுங்கோ. ட்ரிக்கனிலோ பள்ளிக்கூட முற்றத்திலோ கண்டெடுத்த குச்சியைச் செருகாமல் பெரியவரிடம் கொடுக்க வேண்டும். சில குச்சிகள் விசைப்பலகை போல நடித்துத் தாங்களே கட்டளை தட்டக்கூடியவை. அதற்கு ஓட்டோபிளே செட்டிங்ஸ் உதவாது. அடுத்தது, படம் என்று சொல்லும் கோப்பின் பெயர் 'ஈஎக்ஸ்ஈ' என்று முடிந்தால் அது படம் இல்லை, மென்பொருள். பெயரின் கடைசிப் பகுதி தெரியும்படி விண்டோஸில் மாற்றி விடுங்கோ. மூன்றாவது, அப்டேட் கேட்டால் தள்ளிப்போடக் கூடாது.

கலைவிழாவுக்கு வெறும் பாட்டு மட்டும் உள்ள தனிக் குச்சி கொடுங்கோ. அப்பம்மாவின் படங்கள் இருக்கிற குச்சி மண்டபத்துக்குப் போகவே தேவையில்லை. அதை முதலில் வீட்டில் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கோ.