சின்னக் குதிரைக்குச் சின்னக் கவனிப்பு போதாது

சென்னை மெரினாவில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகள் கோட்டூர்புரத்துக் குழந்தைகளுக்கு நன்கு பழக்கம். உருவம் சிறிதென்பதால் சினைக்காலக் கவனிப்பும் குறைவாக இருக்கலாம் என நினைப்பது தவறு. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். குட்டி வேகமாக வளர்வது கடைசி 3 மாதங்களில். அப்போது சவாரியை நிறுத்திவிட்டு, நல்ல புல்லும் தாது உப்பும் தர வேண்டும். குண்டாகிவிடும் என்று தீவனத்தைச் சட்டென்று குறைப்பவர்கள் உண்டு. குள்ள இனங்களுக்கு அதுவே எமன்: பட்டினியில் உடல் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் மிகுந்து கல்லீரலைக் கெடுக்கும்.

காட்டில் குதிரைகள் தாமாகவே ஈனவில்லையா என்று கேட்கலாம். பெரும்பாலும் ஈனும்தான். ஆனால் குள்ள இனத்தில் தாயின் இடுப்புக்குக் குட்டியின் தலை பெரிது. பிரசவச் சிக்கலும் அதிகம். காம்பு நுனியில் மெழுகுபோல் சீம்பால் உறைந்தால் ஓரிரு நாளில் ஈனக்கூடும், பெரும்பாலும் இரவில். பனிக்குடம் உடைந்து அரை மணிக்குள் குட்டி வெளிவர வேண்டும். பிறந்தபின் 1 மணி நேரத்தில் எழுந்து, 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். எது தவறினாலும் கைவைத்தியம் உதவாது. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இப்போது நகரின் வேப்பேரியில் இருக்கிறது. மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைப்பதுதான் உண்மையான ஆயத்தம்.