இருப்பிடக் காவல்

திண்டுக்கல் என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவன இரண்டு. ஒன்று, சமவெளியில் திண்டு போல் ஓங்கி நிற்கும் கற்குன்று. மற்றொன்று, அந்நகரத்துத் தொழிலாளர் கையால் இழைத்துச் செய்யும் பூட்டு. குன்றின்மேல் உள்ள கோட்டை மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்தது. மைசூர் ஆட்சியில் ஐதர் அலியின் பொறுப்பில் இருந்தது. 1792ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. யார் கையில் இருந்தபோதும் அதன் பயன் ஒன்றே. மேலே நின்ற காவலன் சமவெளியில் வருவோரையும் போவோரையும் கண்டான். பூட்டின் பயனோ வேறு. வீட்டின் பொருள் அயலார் கண்ணுக்கும் கைக்கும் எட்டாதபடி அது காத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு எனப் பல வகையாய்ச் செய்யப்பெறும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோட்டைக் காவலன் பார்த்த காலத்தில் வழிப்போக்கனும் கோட்டையைப் பார்த்தான். தன்னை நோக்கும் கண் எங்குள்ளது என்பதை அவன் அறிந்திருந்தான். இன்றோ நிலை மாறிவிட்டது. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கைப்பேசி உள்ளது. அதனை உடையவர் எங்கே நிற்கிறார், எவ்வழி செல்கிறார், எங்கே எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பனவற்றை அது அறியும்; அறிந்ததைப் பிறர்க்கு அறிவிக்கவும் வல்லது. யார்க்கு அறிவிக்கிறது என்பது பலர்க்குத் தெரிவதில்லை. வாயிலுக்கு நல்ல பூட்டு இட்டுவிட்டுத் திறவுகோலைத் தெருத் திண்ணையில் வைப்பவரை உலகம் நகைக்கும். தம் நடமாட்டத்தை அறியாதார் கையில் ஒப்படைப்போர் அத்தகையோரே அல்லரோ?

கைப்பேசி தன் இடத்தை அறிவது எவ்வாறு? வானத்துச் செயற்கைக்கோள்கள் மக்களை உற்று நோக்கிக்கொண்டிருக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்க அமைப்பின் முதற் செயற்கைக்கோள் 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அவ்வமைப்பு முழுமை பெற்றது. அதன் செயற்கைக்கோள்கள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் 2013ஆம் ஆண்டு முதல் நாவிக் என்னும் நம் நாட்டு அமைப்புக்குரிய செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியுள்ளது. இவை ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் வானொலி அலையாய் ஓயாது கூறிக்கொண்டிருக்கும். கைப்பேசி அவ்வலையைக் கேட்கும். அது புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணிக்கும். அலை நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரைவில் வருவதால், நேர வேறுபாட்டிலிருந்து தொலைவு தெரியும். நான்கு செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் நிற்கும் இடம் தெரியும். நொடியின் 10 இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும் என்றால், இக்கணக்கின் நுட்பம் விளங்கும். கோயில் மணி ஒலிப்பதால் அதனைக் கேட்பவர் யாவர் என்பது மணிக்குத் தெரியாது. அதுபோலவே செயற்கைக்கோளுக்கும் கைப்பேசியைத் தெரியாது. இடத்தைக் கணிப்பது கைப்பேசியே. அதனை வெளியே அனுப்புவன கைப்பேசியில் உள்ள செயலிகளே.

இடம் அறிய வேறு வழிகளும் உள. கைப்பேசி எப்போதும் அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பு கொண்டிருக்கும். அத்தொடர்பு இன்றேல் அழைப்பு வந்து சேராது. ஆதலால் எக்கோபுரத்தின் எல்லைக்குள் ஒருவர் உள்ளார் என்பதைத் தொலைபேசி நிறுவனம் அறியும். கோபுரங்கள் நெருங்கிய திண்டுக்கல் நகரில் இவ்வறிவு கூர்மையாகவும், கோபுரங்கள் அருகிய சிறுமலைச் சாரலில் மங்கலாகவும் இருக்கும். அன்றியும், கடைகளிலும் வீடுகளிலும் உள்ள வை-ஃபை கருவிகள் தத்தம் பெயரைப் பரப்புகின்றன. எக்கருவி எங்குள்ளது என்னும் பெரும்பட்டியல்களைச் சில நிறுவனங்கள் தொகுத்து வைத்துள்ளன. அப்பட்டியலைக் கொண்டு செயற்கைக்கோளின் துணையின்றியும் இடத்தை அறியலாம்.

இடம் அறியும் ஆற்றலால் விளையும் நன்மை பெரிது. ஒட்டன்சத்திரச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிய வண்டி எவ்வூரைக் கடந்தது என்பதை வணிகர் இருந்த இடத்திலேயே அறிகின்றார். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் அடியார், தாம் செல்லும் வழியை வீட்டார்க்குக் காட்டுகின்றார். நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தால், ஊர்ப்பெயர் அறியாதவரும் தாம் நிற்கும் இடத்தை உதவிக்கு வருவோர்க்குத் தெரிவிக்க முடிகின்றது. ஆதலால் இவ்வாற்றலை முற்றும் வெறுத்தல் அறிவுடைமை ஆகாது. நெருப்பை அடுப்பில் வைப்பதும் கூரையில் வைப்பதும் ஒன்றாகுமா? வைக்கும் இடம் அறிந்து வைப்பதே வேண்டுவது.

தீமை எவ்வாறு விளைகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு நாள்தோறும் பேருந்தில் வந்து படிக்கும் மாணவி ஒருத்தியைக் கருதுக. காலையில் பள்ளி, மாலையில் தனிப்பாட வகுப்பு, வெள்ளிதோறும் அபிராமி அம்மன் கோயில். அவள் கைப்பேசியில் உள்ள ஏதோ ஒரு விளையாட்டுச் செயலி அவள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டே வருமாயின், ஒரு திங்களுக்குள் அவள் வீடும் பள்ளியும் மட்டுமல்ல, அவள் தனியே நடக்கும் தெருவும் நேரமும்கூடப் பிறர்க்குப் புலனாகும். அவள் பெயர் அக்குறிப்பில் இல்லையே என்று அமைதி கொள்ளவும் இயலாது. 15 இலட்சம் பேருடைய கைப்பேசிக் குறிப்புகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2013ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒருவர் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருந்தார் என்னும் குறிப்பு நான்கு கிடைத்தால், 100க்கு 95 பேரை அக்கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்பதே அவ்வுண்மை. யானையின் வருகையை மணியோசை அறிவிப்பதுபோல, பெயர் இல்லாவிடினும் நடமாட்டமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பெருங்காவல் உடையோரும் இதில் தவறியதுண்டு. ஓடுவோர் தம் ஓட்டத்தின் தடத்தைக் குறித்துக்கொள்ள உதவும் ஸ்ட்ராவா என்னும் நிறுவனம், தன் பயனாளருடைய தடங்களைத் திரட்டி 2017ஆம் ஆண்டில் உலகப் படம் ஒன்றை வெளியிட்டது. 2018ஆம் ஆண்டு சனவரியில் அப்படத்தை உற்று நோக்கினோர் திகைத்தனர். ஆப்கானிஸ்தானம், சிரியா முதலிய நாடுகளின் இருண்ட வெளிகளில் சிற்சில தடங்கள் மட்டும் ஒளிவிட்டன. அவை படைவீரர் தம் பாசறையைச் சுற்றி ஓடிய தடங்களாம். மதிலும் முள்வேலியும் காத்ததைக் கையில் கட்டிய சிறு கருவி வெளிப்படுத்திவிட்டது.

இந்நாட்டு நீதிமன்றங்களும் இதனைக் கருதியுள்ளன. தனியுரிமை அரசியலமைப்பு அளிக்கும் அடிப்படை உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பின்னர், போதைப்பொருள் வழக்கொன்றில் அயல்நாட்டார் ஒருவர்க்குப் பிணை வழங்குகையில், கூகுள் மேப்ஸ் வழியாகத் தம் இருப்பிடத்தை விசாரணை அலுவலர்க்குக் காட்ட வேண்டும் என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. அது தகுமா என்னும் வினா உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் 2024ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் அந்நிபந்தனையை நீக்கினர். பிணையில் விடப்பட்டவரின் நடமாட்டத்தைக் காவலர் இடைவிடாது பின்தொடர வழிசெய்யும் நிபந்தனை தனியுரிமைக்கு மாறானது என்பது அவர்கள் முடிவு. குற்றம் சாட்டப்பட்டவர்க்கே இவ்வுரிமை உண்டெனின், குற்றமற்ற குடிமக்கள் அதனை விலையின்றிக் கைவிடுவது எவ்வளவு பேதைமை!

சிறுவர்க்குச் சட்டம் தனிக்காவல் அளிக்கின்றது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைப் பெறுமுன் பெற்றோரின் இசைவைப் பெறவேண்டும் என்கின்றது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் பொதுவாகத் தடுக்கின்றது. அதற்குரிய விதிகள், படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. எனினும் வீட்டுக்குப் பூட்டு இடுவது வீட்டாரின் கடமையே. சட்டம் அக்கடமையை ஏற்றுக்கொள்ளாது.

இனி, காக்கும் வழிகளைக் காண்போம். முதலாவது, கைப்பேசியின் அமைப்புகள் என்னும் பகுதியில் இருப்பிடம் என்னும் பிரிவைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு இடம் அறியும் அனுமதி தரப்பட்டுள்ளது என்று பார்த்தல் வேண்டும். வழிகாட்டும் செயலிக்கு இடம் தெரிவது முறை. கைவிளக்குக்கும் கணக்கிடும் கருவிக்கும் அது எதற்கு? தேவையற்றவற்றின் அனுமதியை நீக்கிவிடலாம். இரண்டாவது, தேவையுள்ள செயலிக்கும் 'எப்போதும்' என்னும் அனுமதியைத் தாராது, 'பயன்படுத்தும்போது மட்டும்' என்னும் அனுமதியைத் தருதல் நன்று. விருந்தினர் வரும்போது கதவைத் திறக்கிறோம். அவர் சென்றபின்னும் திறந்தே வைப்பதில்லை. மூன்றாவது, துல்லியமான இடம், தோராயமான இடம் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வசதி ஐபோனில் 2020ஆம் ஆண்டிலும் ஆண்ட்ராய்டில் 2021ஆம் ஆண்டிலும் வந்தது. மழை வருமா என்று கூறும் செயலிக்கு ஊர் தெரிந்தால் போதும். தெருவும் கதவிலக்கமும் தெரியவேண்டுவதில்லை.

நான்காவது, ஒளிப்படம் பற்றியது. கைப்பேசியில் எடுக்கும் படத்தோடு எடுத்த இடத்தின் குறிப்பும் மறைவாகச் சேர்ந்திருக்கலாம். அப்படத்தை அப்படியே அயலார்க்கு அனுப்பினால், முகத்தோடு முகவரியும் சென்றுவிடும். படக்கருவியின் அமைப்பில் இக்குறிப்பை நிறுத்திவிடலாம். ஐந்தாவது, வாட்ஸ்அப் போன்றவற்றில் நகரும் இடத்தை நண்பர்க்குக் காட்டும் வசதி உண்டு. 15 நிமிடம், 1 மணி, 8 மணி என அதற்குக் கால எல்லையும் உண்டு. வேண்டிய அளவுக்கு மட்டும் எல்லையிட்டு, வீடு சேர்ந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். பலர் உள்ள குழுவில் அதனைப் பகிர்தல் தகாது. கூகுள் மேப்ஸ் முதலியவற்றில் எவரேனும் தம் இடத்தைத் தொடர்ந்து காணுமாறு அமைக்கப்பட்டுள்ளதா என்பதையும் அவ்வப்போது பார்த்தல் நலம். சிறிது நேரம் கைப்பேசியை இரவல் வாங்கியவரே அவ்வாறு அமைத்திருக்கக் கூடும். ஆதலால் திரையைப் பூட்டி வைத்தல் எல்லாக் காவலுக்கும் முற்பட்ட காவல் ஆகும்.

ஆறாவது, ஒரு விசையை அணைத்தவுடன் எல்லாம் அடங்கிவிட்டது என்று எண்ணலாகாது. இருப்பிட வரலாற்றை நிறுத்திய பின்னும், வேறொரு அமைப்பின் வழியாகக் கூகுள் இடத்தைச் சேமித்து வந்தது என்பதை 2018ஆம் ஆண்டில் ஒரு செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. அதன் விளைவாக எழுந்த விசாரணையில், 2022 நவம்பரில் அந்நிறுவனம் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடி டாலருக்கு மேல் செலுத்த உடன்பட்டது. ஆதலால் இருப்பிட வரலாறு, இணையச் செயல்பாடு ஆகிய இரண்டையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். பழைய குறிப்புகள் குறித்த காலத்தில் தாமே அழியுமாறும் அமைக்கலாம். மேலும், இருப்பிட விசையை அணைத்தாலும் கோபுரத் தொடர்பு நீங்குவதில்லை. இவ்வளவு காக்கலாம், இவ்வளவு காக்க இயலாது என்று எல்லை அறிவதும் காவலின் ஒரு பகுதியே.

பிள்ளைகள் இருக்கும் இடத்தைப் பெற்றோர் அறிய விரும்புதல் இயல்பு. அது அன்பின் பாற்பட்டது. ஆனால் அதனையும் ஒளிவின்றிச் சொல்லி, இருவரும் உடன்பட்டுச் செய்தல் சிறப்பு. அறிவித்துக் காப்பது துணை; அறிவியாது பின்தொடர்வது வேவு. நட்பின் பெயரால், "நீ எங்கிருக்கிறாய் என்று எப்போதும் காட்டு" என வற்புறுத்துவோர்க்கு இணங்க வேண்டுவதில்லை. மறுத்தல் நட்புக்கு மாறாகாது. அவ்வாறு யாரேனும் தொல்லை தந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே கூறுதல் வேண்டும். அவசரக் காலத்தில் 112 என்னும் எண்ணை அழைக்கலாம்.

ஒருவர் செல்லும் இடங்களை அறிந்தோர் அவர் வாழ்வையே அறிந்தோர் ஆவர். மருத்துவரிடம் சென்றதும், வழிபடச் சென்றதும், வேலை தேடிச் சென்றதும் அவரவர்க்கு உரிய செய்திகள். அவற்றை யார்க்குச் சொல்வது, யார்க்குச் சொல்லாதிருப்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமையே இங்குக் காக்கத்தக்க செல்வம். வீட்டில் ஒரே கைப்பேசி இருப்பினும், மாணவர் பெற்றோரோடு அமர்ந்து அதன் அனுமதிகளை ஒவ்வொன்றாய்ப் பார்ப்பாராக. ஒவ்வொரு செயலியையும் நோக்கி, "உனக்கு இது எதற்கு?" என்று வினவுவாராக. தக்க விடை கிடைத்தால் அனுமதி நிற்கட்டும், கிடைக்காவிடின் நீங்கட்டும். கால் மணி நேரத்தில் முடியும் இச்சிறு வேலை, நெடுநாள் அமைதியைத் தரும்.