கடல் பச்சையாவதற்கும் நீவாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

2019 ஆகஸ்ட் 18 ராத்திரி சென்னையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், அப்படியே ஈசிஆர் பக்கம் என்று அலை உடைகிற இடமெல்லாம் நீலமாக ஒளிர்ந்தது. வாட்ஸ்அப்பில் வந்த முதல் வீடியோவை நான் நம்பவில்லை. யாரோ ஃபில்டர் போட்டு விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவிலிருந்து வேறு மாதிரி படங்கள் வந்தன. பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போலக் கிடந்தது. செத்த மீன்கள் கரை ஒதுங்கின. இரண்டு இடத்திலும் அடிபட்ட பெயர் ஒன்றுதான்: நாக்டிலூக்கா. ராமநாதபுரம் பக்கத்து மீனவர்கள் அதைப் பூங்கோரை என்கிறார்கள்.

"கழிவுநீர் கலந்ததால்தான்" என்று ரொம்பப் பேர் சொன்னார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கழிவுநீர் வருஷம் 365 நாளும் கடலில் கலக்கிறது. பூங்கோரை ஏன் அந்த மாதத்தில், அந்த இடத்தில் மட்டும் வந்தது? அதைத் தேடிப் போனபோது மாட்டியதுதான் நீரோட்டம். மீனவர் பேச்சில் நீவாடு.

அடிப்படையிலிருந்து வருவோம். கடலில் மிதக்கும் ஃபைட்டோபிளாங்க்டன், அதாவது தாவர மிதவை உயிரிகள், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. ஆனால் பூமியில் நடக்கும் மொத்த ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவை செய்வது. இவற்றுக்கு ஒரு நிரந்தரச் சிக்கல் உண்டு. வெயில் மேலே இருக்கிறது, உரம் கீழே இருக்கிறது. செத்ததெல்லாம் அடியில் போய் மக்குவதால் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எல்லாம் ஆழத்தில்தான் சேர்கின்றன. மொட்டை மாடியில் தோட்டம் போட்டுவிட்டுத் தண்ணீரைக் கிணற்றில் வைத்திருப்பது மாதிரி. யாராவது இறைத்து மேலே கொண்டுவர வேண்டும். அந்த வேலையைக் காற்றும் நீரோட்டமும் செய்கின்றன.

நம் பக்கத்தில் இதற்குப் பெரிய உதாரணம் கேரளக் கரை. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்பக்கம், அதாவது மேற்கே ஆழ்கடல் பக்கம் தள்ளப்படுகிறது. காலியான இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, உரமுள்ள நீர் ஏறி வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலில் உழவு நடக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். முதலில் விளைவது டயாட்டம். கண்ணாடி ஓடு போட்ட ஒற்றைச் செல் பாசி அது. அதைத் தின்னத்தான் மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வருகிறது. ஃப்ராஜிலேரியா ஓசியானிகா என்ற ஒரு டயாட்டம் நிறைய இருந்தால் மத்தி நிறைய வரும் என்று 1955லேயே நம் நாட்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

ஏன் டயாட்டம் முதலில்? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. ரமோன் மார்கலெஃப் என்ற கத்தலான் சூழலியலாளர் 1978இல் ஒரு படம் போட்டார். ஒரு அச்சில் நீரின் கொந்தளிப்பு, இன்னொன்றில் உரச்சத்து. இரண்டும் கூடுதலாக இருந்தால் டயாட்டம். கொந்தளிப்பு அடங்கி உரமும் தீர ஆரம்பித்தால் டைனோஃப்ளாஜெல்லேட். காரணம் சிம்பிள். டயாட்டத்துக்கு நீந்தத் தெரியாது. கண்ணாடி ஓட்டின் கனத்தில் மூழ்கிக்கொண்டே இருக்கும், அதனால் யாராவது கலக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டைனோஃப்ளாஜெல்லேட்டுக்குச் சவுக்கு மாதிரி இழை உண்டு, தானே மேலும் கீழும் நீந்திக்கொள்ளும். அமைதியான நீரில் அது ஜெயிக்கும், கலங்கிய நீரில் தோற்கும். ஆக, ஒரு இடத்தில் எவ்வளவு பாசி என்பதை மட்டுமில்லை, எந்தப் பாசி என்பதையும் நீரின் அசைவு தீர்மானிக்கிறது. விதிவிலக்குகள் நிறைய உண்டு. இருந்தாலும் இன்றுவரை பாடத்தில் இதைச் சொல்லாமல் யாராலும் நகர முடிவதில்லை.

நாக்டிலூக்காவும் டைனோஃப்ளாஜெல்லேட் வகைதான், ஆனால் கொஞ்சம் வில்லங்கமான ஆள். அரை மில்லிமீட்டர் வரும், கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். டயாட்டத்தைப் பிடித்துத் தின்னும். பச்சை வகை அதோடு தன் உடம்புக்குள் குட்டிப் பாசிகளைக் குடிவைத்து, அவை சமைப்பதையும் சாப்பிடும். உடம்பில் அம்மோனியம் நிறைந்திருப்பதால் கடல்நீரை விட லேசு, மிதந்துவிடும். இந்த மிதப்புதான் நம் கேள்விக்குச் சாவி.

குளத்தில் காற்றடிக்கும்போது பாசியெல்லாம் ஒரு படித்துறையில் போய் ஒதுங்குமே, அதேதான். இரண்டு நீரோட்டம் சந்திக்கும் இடத்தில் நீர் கீழே இறங்கும், மிதப்பது மேலேயே தங்கிவிடும். பரந்த கடலில் சிதறிக் கிடந்தது ஒரே கோட்டில் திரண்டுவிடுகிறது. அங்கேயே எல்லாம் புதிதாகப் பெருகியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை, ஓட்டம் கூட்டிப் பெருக்கிக் குவித்திருக்கலாம்.

தேதியைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் 2008இல் அக்டோபர், 2019இல் செப்டம்பர். இரண்டும் தென்மேற்குப் பருவம் ஓய்கிற நேரம். அதற்கு முன் மாதக்கணக்கில் உரம் ஏறி டயாட்டம் விளைந்திருக்கும். காற்று தணிகிறது, நீர் அடங்குகிறது, தின்ன டயாட்டம் இருக்கிறது. மார்கலெஃப் படத்தில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்கிற நேரம் அது.

வங்கக் கடல் பக்கம் கதை கொஞ்சம் மாறும். கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா என்று இத்தனை ஆறுகளின் நன்னீர் உப்புநீர் மேல் மூடி மாதிரி உட்கார்ந்துகொள்வதால், கீழே இருக்கும் உரம் ஏறுவது கஷ்டம். அரபிக்கடலை விட வங்கக் கடல் வறியது என்பதற்கு இது முக்கியக் காரணம். கரையை ஒட்டிய ஓட்டமும் வருஷத்தில் திசை மாறும். பிப்ரவரி முதல் மே வரை வடக்கே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். வன்னி நாளில் வருவது உப்புக் குறைந்த வடக்கு நீர், அதனோடு அந்த நீருக்குப் பழகிய பாசிகள். கரை அதே கரைதான், மேலே மிதக்கும் ஊரே மாறிவிடுகிறது.

செயற்கைக்கோளில் இதைப் பார்க்கலாம், ஆனால் முழுசாக இல்லை. ஓசன்சாட் மாதிரியானவை கடலின் நிறத்தை வைத்துப் பச்சையத்தை அளக்கின்றன. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் அதை வைத்துத்தான் மீன் கிடைக்கும் இடங்களைச் சொல்கிறது. பருவமழை மேகம் மூடினால் படம் இல்லை. அந்த நாட்களில் படகில் போய்வருகிறவர் "தண்ணி நிறம் மாறியிருக்கு" என்று சொல்வதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை என்பது என் கருத்து.

மன்னார் வளைகுடாவில் மீன் செத்ததற்குப் பூங்கோரை நஞ்சு கக்கியது காரணமில்லை. குவிந்தது மொத்தமாகச் செத்து அழுகியபோது நீரில் இருந்த ஆக்ஸிஜன் தீர்ந்துபோனது. மண்டபத்துக்குப் பக்கத்தில் சிங்கிள் தீவு இருக்கிறது. நீந்தி ஓடத் தெரிந்த மீனே தப்பவில்லை, பவளம் எங்கே போகும்? அங்கே வேகமாக வளரும் அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா வகைப் பவளங்கள்தான் பெரும்பாலும் செத்தன. மெதுவாக வளரும் வகைகள் பல தாக்குப்பிடித்தன.